புழுவைக் கொல்லாமல் பட்டு கிடைக்குமா?

2023 ஜனவரியில் பாரிஸ் ஆடை அலங்கார வாரத்தில் ஸ்கியாபரெல்லி நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டேனியல் ரோஸ்பெரி மூன்று ஆடைகளை மேடையேற்றினார். ஒன்றில் சிங்கத்தின் தலை, இன்னொன்றில் பனிச்சிறுத்தை, மூன்றாவதில் ஓநாய். மூன்றும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகக் காண்டத்தில் வழிமறிக்கும் விலங்குகளை நினைத்துச் செய்யப்பட்டவை. அசல் அளவில், அசல் போலவே கண்ணும் பல்லுமாக அணிந்தவரின் உடலில் பதிந்திருந்தன. படங்கள் வெளியான சில மணி நேரத்தில் உலகெங்கும் கண்டனம் எழுந்தது. வேட்டையாடிய தலையைச் சுவரில் மாட்டும் வெறியை இது மீண்டும் அழகாக்குகிறது என்றார்கள். எந்த விலங்குக்கும் தீங்கு செய்யப்படவில்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. தலைகள் ஃபோமில் கையால் செதுக்கப்பட்டவை, ரோமம் கம்பளியும் பட்டும் கொண்டு செய்த போலி ரோமம் என்று அவர்களே விளக்கமும் கொடுத்தார்கள்.

அந்தப் போலி ரோமத்தில் இருந்த பட்டு எப்படிக் கிடைத்தது என்பது விவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை. சாகாத சிங்கத்துக்காக உலகம் கோபப்பட்டது. அதன் பிடரிக்காக நிஜமாகவே செத்த பூச்சிகள் கணக்கில் சேரவில்லை. விலங்குகள் பற்றிய ஆடை உலகின் மனச்சாட்சி எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இல்லை. 2017இல் இத்தாலியின் குச்சி (Gucci) நிறுவனம் விலங்கு ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தது, அதைத் தொடர்ந்து பெரிய பெயர்கள் பல கைவிட்டன. பட்டை விலக்கிய பெரிய விற்பனை நிறுவனம் என்று பார்த்தால் 2018இல் அறிவித்த பிரிட்டனின் ஏசாஸ் போன்ற மிகச் சிலதான்.

நமக்கு இது தூரத்து விவகாரமும் அல்ல. உலகப் பட்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. தமிழ்க் கல்யாணம் பட்டில்லாமல் நடப்பது அரிது. பூஜைக்கு மடியாக உடுத்துவதற்கும் பட்டைத்தான் எடுக்கிறோம். ஆகவே ஒரு கூடு புடவையாகும் வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பத்து நாள் கெடு

நாம் உடுத்தும் பெரும்பாலான பட்டு, மல்பெரி இலை தின்னும் பாம்பிக்ஸ் மோரி என்ற புழு தருவது. சுமார் ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதனின் கையில் வளர்ந்து, மனிதனில்லாமல் வாழ முடியாததாகிவிட்ட உயிர் இது. முட்டையிலிருந்து வெளிவந்து நான்கு முறை தோலுரித்து, ஏறக்குறைய 25 நாளில் பிறந்த எடையைப்போல் பத்தாயிரம் மடங்கு வளர்கிறது. பிறகு சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. வளர்ப்பவர்கள் அதை எடுத்துச் சந்திரிகை என்ற மூங்கில் தட்டில் விட, இரண்டு மூன்று நாள் ஓயாமல் தலையை எட்டு வடிவில் ஆட்டி, அறுபடாத ஒற்றை இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அந்த இழையின் நீளம் 600 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேலே போகும்.

பட்டின் விலை, மினுமினுப்பு, உறுதி எல்லாமே இந்த அறுபடாத நீளத்தில்தான் இருக்கின்றன. கூட்டுக்குள் புழு கூட்டுப்புழுவாகி, பிறகு அந்துப்பூச்சியாகி, ஒரு நொதியைச் சுரந்து கூட்டின் ஒரு முனையை இளக்கி வெளியே வரும். வந்துவிட்டால் இழை பல துண்டு. கூடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து இதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகும். அதற்குள் விவசாயி கூட்டை அறுவடை செய்து, தர்மபுரிக்கோ ராமநகரத்துக்கோ கொண்டுபோய் ஏலத்தில் விற்று, வாங்கியவர் நீராவியிலோ வெப்பக் காற்றிலோ உள்ளிருக்கும் உயிரை முடித்தாக வேண்டும். சிறிய இடங்களில் பச்சைக் கூடுகள் நேராகவே கொதிநீருக்குப் போவதும் உண்டு. கொலை இங்கே யாருடைய கொடூர மனத்திலிருந்தும் வருவதில்லை. இழையின் நீளம் விதிக்கும் கெடு அது.

ஒரு புடவைக்கு எத்தனை புழு? பத்தாயிரம், ஐம்பதாயிரம் என்றெல்லாம் எண்கள் உலவுகின்றன. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு நல்ல கூட்டின் எடை 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஓடு, மீதி உள்ளே இருக்கும் உயிரின் எடை. ஓட்டிலிருந்தும் முழுதாக இழை வராது, கூட்டுக்குச் சுமார் 0.3 கிராம் தேறும். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம் கூடுகள். கச்சாப் பட்டைச் சாயமேற்றுவதற்கு முன் இழையில் ஒட்டிய கோந்தை நீக்கும்போது கால் பங்கு எடை போய்விடும். சரிகையை விட்டுவிட்டு அரைக் கிலோ பட்டு உள்ள காஞ்சிபுரம் புடவை ஒன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். மிகைப்படுத்தத் தேவையே இல்லாத எண் இது.

இந்தச் சங்கடம் நம் காலத்தில் தோன்றியதும் அல்ல. பௌத்தத் துறவிகளுக்கான விதிநூலாகிய பாலி மொழி விநய பிடகத்தில் ஒரு விதிக்குப் பின்னணியாக ஒரு சம்பவம் வருகிறது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் பட்டு செய்பவர்களிடம் போய், தங்கள் விரிப்புக்குப் பட்டு வேண்டும், நிறையப் பட்டுப்புழுக்களை வேகவைத்துத் தாருங்கள் என்று கேட்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டிய பிழைப்பு என்பதால் நாங்கள் இந்தச் சிற்றுயிர்களைக் கொல்கிறோம், எங்களுக்கே அது பேறில்லாத நிலை, துறவிகள் வந்து எப்படி இதைக் கேட்கலாம் என்று அந்தத் தொழிலாளிகள் வருந்துகிறார்கள். பிக்குகள் பட்டு கலந்த விரிப்பு செய்துகொள்ளக் கூடாது என்ற விதி அதிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்தச் சம்பவத்தில் குற்ற உணர்வைச் சுமப்பவர் செய்பவர், கேட்டு வாங்குபவர் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பாரம் இடம் மாறவில்லை என்றே தோன்றுகிறது.

பட்டுக்குப் பேர்போன காஞ்சியிலேயே எதிர்க்குரலும் இருந்தது. காமகோடி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் உயிர்வதையைக் காரணம் காட்டிப் பெண்கள் பட்டை விட வேண்டும் என்று நெடுங்காலம் வற்புறுத்தி வந்தார். அவரை வணங்கியவர்களில் பலரும் அவர் சொன்ன மற்ற எத்தனையோ நியமங்களைக் கடைப்பிடித்தார்கள். கல்யாணக் கூடங்களில் பட்டு குறையவில்லை.

பறந்து போகாத அந்துப்பூச்சி

ஹைதராபாதைச் சேர்ந்த குசுமா ராஜையா ஆந்திர மாநிலக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாத பட்டுப்புடவை கிடைக்குமா என்று கேட்டது தன்னைத் தூண்டியதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்துப்பூச்சி தானே வெளியேறும்வரை காத்திருந்து, ஓட்டை விழுந்த கூட்டைப் பஞ்சு போல நூற்று, அந்த நூலில் நெய்வதுதான் அவர் வழி. அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அஹிம்சைப் பட்டு என்ற பெயரில் இன்று பல வடிவமைப்பாளர்கள் விற்பது இந்த வகைதான்.

அந்தத் துணியைக் கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். துண்டு இழைகளை முறுக்கிய நூல் என்பதால் பட்டின் பளபளப்பு அதில் இல்லை. கதர் போன்ற சொரசொரப்பு, உடலில் இதமாக விழும் தன்மை. நூற்பதற்கு நேரமும் கூலியும் அதிகம், விலையும் அதிகம். எனக்கு அந்த அழகு பிடிக்கும். ராஜையாவின் முயற்சியில் இருக்கும் நேர்மையையும் நான் மதிக்கிறேன். ஆனால் உயிர் பிழைத்ததா என்று கேட்டால், கூட்டிலிருந்து வெளிவந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வளர்ப்புப் பட்டின் அந்துப்பூச்சிக்கு இறக்கை உண்டு, பறக்க முடியாது. வாய் வளரவில்லை, எதையும் தின்ன முடியாது. வெளிவந்ததும் இணை சேர்ந்து, முட்டையிட்டு, ஒரு சில நாளில் இறந்துவிடும். ஒரு பெண் பூச்சி இடுவது நானூறு முட்டைக்கு மேல். ஒரு புடவைக்கு இரண்டாயிரம் கூடு என்று வைத்துக்கொண்டால் அதில் பாதி, ஆயிரம், பெண். நான்கு லட்சம் முட்டை. அத்தனையும் பொரிந்தால் அவற்றை வளர்க்க எட்டுப் பத்து டன் மல்பெரி இலை வேண்டும். அவையும் கொல்லப்படாமல் பூச்சியாகி முட்டையிட்டால் அடுத்த தலைமுறையில் எட்டுக் கோடி முட்டை. எந்தப் பண்ணையிலும் அதற்கு இலை கிடையாது. ஆகவே எங்கோ ஓரிடத்தில் முட்டைகள் அழிக்கப்படுகின்றன, அல்லது பொரிந்த குஞ்சுப் புழுக்கள் இலையின்றிச் சாகின்றன. காட்டில் விட்டுவிடலாம் என்றால், இலை வைக்கும் கையில்லாமல் இந்தப் புழு பிழைக்காது. பூனாவிலிருந்து இயங்கும் விலங்குநல அமைப்பான பியூட்டி விதவுட் க்ரூயல்டி, அஹிம்சைப் பட்டு என்ற உரிமைகோரலைப் பல ஆண்டுகளாகக் கேள்விக்கு உட்படுத்தி வருவதும் இதனால்தான்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெப்ரின் என்ற நோய் பிரான்சின் பட்டுத் தொழிலை ஏறக்குறைய அழித்தது. 1865இல் லூயி பாஸ்டர் தெற்கு பிரான்சின் அலேஸ் பகுதிக்கு அனுப்பப்பட்டார். நோய் தாயிடமிருந்து முட்டைக்குப் போகிறது என்பதை அவர் நிறுவினார். தீர்வும் அவருடையதே: முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, நோய்க்கிருமி தெரிந்தால் அதன் முட்டைகளை எரித்துவிடுவது. இந்தியாவிலும் முட்டை உற்பத்தி நிலையங்கள் இன்றுவரை நடப்பது இந்த முறையில்தான். விவசாயி வாங்கும் நோயற்ற முட்டைத் தொகுதிகளுக்குப் பின்னால் அரைக்கப்பட்ட பூச்சிகள் இருக்கின்றன. அந்த நிலையங்களிலிருந்து முட்டை வாங்கி வளர்க்கும் எந்த அஹிம்சைப் பட்டும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. சோதிக்காமல் விட்டால் பெப்ரின் பரவி ஊர் முழுக்கப் புழுக்கள் மடியும். அதனால் இந்தச் சோதனையை நான் குறை சொல்லவில்லை. கொலையே இல்லை என்ற வாக்குறுதியைத்தான் குறை சொல்கிறேன்.

வடகிழக்கு மாநிலங்களின் எரி என்ற பட்டு வகை வேறு வழியைக் காட்டுகிறது. ஆமணக்கு இலை தின்னும் இந்தப் புழுவின் கூடு இயற்கையிலேயே ஒரு முனையில் திறந்தது. இழையும் தொடர்ச்சியாக இருக்காது. ஆகவே நூற்றுத்தான் ஆக வேண்டும், பூச்சி வெளியேறினாலும் நட்டமில்லை. உலகச் சந்தையில் இதை அமைதிப் பட்டு என்று விற்கிறார்கள். ஆனால் அஸ்ஸாமிலும் மேகாலயத்திலும் அதை வளர்க்கும் மக்களுக்கு எரி கூட்டுப்புழு விருப்பமான உணவு. பல வீடுகளில் புழுவைச் சமையலுக்கு எடுத்துவிட்டு மிஞ்சும் கூட்டைத்தான் நூற்கிறார்கள். இது தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓர் உயிரைக் கொன்றால் உணவாகவும் உடையாகவும் முழுதாகப் பயன்படுத்துவது, மினுமினுப்புக்காக மட்டும் கொல்வதைவிட மேல் என்றே நினைக்கிறேன். கடைக்காரர் அதற்கு வேறு கதை கட்டி விற்பதில்தான் பிசகு.

புழுவுக்கு வலிக்குமா? பூச்சிகளின் வலியுணர்வு பற்றி வெளிவந்திருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த ஓர் ஆய்வுரை 2022இல் வெளியானது. வளர்ந்த ஈக்கள், கரப்பான்கள் போன்றவற்றுக்கு வலி இருக்கலாம் என்பதற்கு வலுவான சான்றுகளும், அந்துப்பூச்சி இனத்துக்குக் கணிசமான சான்றுகளும் இருப்பதாக அது சொன்னது. வளரும் பருவப் புழுக்கள் பற்றிய ஆய்வு குறைவு. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் பல அறிவியலாளர்களும் தத்துவவாதிகளும் கையெழுத்திட்ட பிரகடனம், பூச்சிகள் உட்பட முதுகெலும்பற்ற பல உயிர்களுக்கு உணர்வு இருக்கும் சாத்தியத்தைப் புறக்கணிக்கக் கூடாது என்றது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்கு என்பதை மனிதர் அல்லாத எந்த உயிரினமும் என்றே வரையறுக்கிறது. சட்டத்தின் எழுத்தில் பட்டுப்புழுவுக்கு இடம் உண்டு. நடைமுறையில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதே கொதிநீரில் கை

கூட்டிலிருந்து இழையை எடுக்க அதைக் கொதிநீரில் இளக்க வேண்டும். கோந்து கரைந்ததும் இழையின் நுனியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய முறை நூலெடுப்பில் இதைச் செய்வது வெறுங்கை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை கர்நாடகம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் பட்டுத் தொழிலில் கடனுக்காகக் கொத்தடிமையான குழந்தைகளைப் பற்றியது. கொதிநீரில் கைவிட்டுக் கொப்புளமான விரல்களையும், செத்த புழுக்களின் நாற்றத்துக்கு நடுவே நீளும் வேலை நாளையும் அது பதிவுசெய்தது. காஞ்சிபுரம் தறிகளில் முன்பணத்துக்கு ஈடாக உட்கார்ந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அதன் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. தானியங்கி நூலெடுக்கும் இயந்திரங்கள் வந்துள்ளன, தறிகளில் குழந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். சிறு நூலெடுப்புக் கூடங்களில் பெண்களின் கைகள் இன்னும் வெந்நீரில்தான் இருக்கின்றன.

புழுவின் வலியைப் பேசும்போது இதை ஒதுக்கிவைப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். புழுவையும் பெண்ணையும் ஒரே பாத்திரத்தில் சந்திக்க வைக்கும் தொழில் இது. கொல்லாத பட்டு என்று எழுதும் வடிவமைப்பாளர், அந்த நூலை நூற்ற பெண்ணுக்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தார் என்பதையும் எழுத வேண்டும்.

மாற்றுத் துணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆர்ட் சில்க் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ் அல்லது பாலியஸ்டர். விஸ்கோஸ் தயாரிப்பில் பயன்படும் கார்பன் டைசல்பைடு தொழிலாளர்களின் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு என்பது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த உண்மை. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது, துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகளை உதிர்ப்பது. அவை கலக்கும் நீரிலும் உயிர்கள் இருக்கின்றன. சூழல் மதிப்பெண்களும் இங்கே நமக்கு உதவவில்லை: பாலியஸ்டரைவிடப் பட்டு மோசம் என்று காட்டிய ஹிக் அளவீட்டை வைத்து விளம்பரம் செய்வது நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதாக 2022இல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் எச்சரித்தது. ஈஸ்டிலிருந்து பட்டுப் புரதம் செய்யும் போல்ட் த்ரெட்ஸ் நிறுவனத்துடன் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் ஸ்டெல்லா மெக்கார்ட்னி 2017இல் கைகோத்தார். அந்தப் பட்டில் செய்த பொன்னிற உடை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்றுவரை அது ஜவுளிக்கடைக்கு வந்து சேரவில்லை.

எத்தனை புடவை

எந்தத் துணி என்ற கேள்வியோடு எத்தனை துணி என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். சொல்லப்போனால் இரண்டாவதுதான் கனமானது. கூறைப்புடவை ஒன்று, தலை தீபாவளிக்கு ஒன்று, சீமந்தத்துக்கு ஒன்று என்று வாங்கி, முப்பது நாற்பது ஆண்டு உடுத்தி, மகளுக்குக் கொடுத்து, இற்றுப்போன பிறகு சரிகையைப் பழைய பட்டு வாங்குபவரிடம் போட்ட தலைமுறை ஒன்று இருந்தது. அதில் செத்த இரண்டாயிரம் புழுக்களுக்கு ஏதோ ஒரு மதிப்பு கிடைத்தது. இப்போது நிச்சயதார்த்தத்துக்கு வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சாஃப்ட் சில்க், ஒருமுறை போட்டோவில் வந்துவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு வேறு, செல்போன் நேரலையில் நள்ளிரவு வரை விற்பனை. நூறு முறை உடுத்திய புடவையும் ஒருமுறை உடுத்திய புடவையும் எடுக்கும் உயிர் ஒரே அளவுதான்.

குறைவாக வாங்கினால் நெசவாளர் என்ன ஆவார் என்பது நியாயமான கவலை. கரையையும் உடலையும் தனித்தனியாகக் கோத்து நெய்யும் காஞ்சிபுரம் கோர்வைப் புடவை ஒன்றைக் கைத்தறியில் நெய்ய இரண்டு பேர் பத்து நாளுக்கு மேல் உட்கார வேண்டும். அவர்களுடைய வருமானம் புழுக்களின் எண்ணிக்கையில் இல்லை, புடவைக்குக் கிடைக்கும் கூலியில் இருக்கிறது. அந்தக் கூலியை அரிப்பது விசைத்தறியில் அதே வடிவத்தை அச்சாக நெய்து மலிவாகத் தள்ளும் சந்தை. கைத்தறிக்கென ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்ற 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் இது நடக்கிறது. மலிவான பட்டு பெருகினால் புழுவும் அதிகம் சாகும், கைத்தறியும் நிற்கும். குறைவாக, கைத்தறியில் நெய்ததாக, அதற்குரிய விலை கொடுத்து வாங்குபவர் இரண்டு தரப்புக்கும் கொஞ்சம் நல்லது செய்கிறார்.

அப்படி வாங்க நினைப்பவருக்குத் தகவல் வேண்டும். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004 முதல் இருக்கும் சில்க் மார்க் சீட்டு, துணி அசல் பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். கூடு எந்த ஊரிலிருந்து வந்தது, நூலை இயந்திரம் எடுத்ததா கை எடுத்ததா, கைத்தறியா விசைத்தறியா, நெய்தவருக்குக் கூலி எவ்வளவு என்று அதில் இருக்காது. அஹிம்சைப் பட்டு என்று விற்கும் கடைகள் அந்துப்பூச்சிகள் இட்ட முட்டைகள் என்ன ஆயின என்று சொல்வதில்லை. இவை எவையும் ரகசியமல்ல. பட்டுக்கூடுச் சந்தையில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஏலப் பதிவு உண்டு, கூட்டுறவுச் சங்கங்களில் ஒவ்வொரு புடவைக்கும் கூலிக் கணக்கு உண்டு. அவற்றை அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சிடும்படி வாரியத்திடம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கடையில் புடவையை விரித்துக் காட்டும்போது கேட்கவும் இருக்கிறது.